நொத்தாரிசின் மூன்று பிரதிகள்

எங்கள் நாட்டில் ஒரு காணி உறுதி முடிக்கப்படும்போது அது மூன்று பிரதிகளாக உருவாகிறது. மூலம் காணிக்கு உரியவரின் கைக்குப் போகிறது. ஒரு பிரதி நொத்தாரிசின் அலுமாரியில் தங்குகிறது. மூன்றாவது, காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இணைப்பிரதிகள் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவாளரைச் சென்றடைய வேண்டும் என்கிறது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். ஆயினும் அதை வரைந்தவர் வீடு எரியும் என்பதையும், கறையான் அரிக்கும் என்பதையும், மனிதர் பொய் சொல்வர் என்பதையும் அறிந்திருந்தார் என்றே நான் எண்ணுகிறேன். ஒரே கூரையின் கீழ் இரு பிரதிகள் இருப்பதில்லை. ஒரே கையில் மூன்றும் இருப்பதில்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை 2009இல் தெரிந்தது. வன்னியிலிருந்து வெளியேறி, வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமுக்கும் ஏனைய முகாம்களுக்கும் வந்து சேர்ந்தவர்கள் மூன்று இலட்சத்தை நெருங்கினார்கள். பலரிடம் இருந்தது ஒரு சொப்பிங் பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, நாலாக மடித்த உறுதி. அந்தப் பையையும் ஆற்றிலோ கடலிலோ பதுங்குகுழியிலோ விட்டவர்கள் எத்தனையோ பேர். பதிவான உறுதியாயின் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. வன்னியில் பெரும்பாலானவை அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றின் பத்திரம் குடியானவரிடமும் பதிவேடு பிரதேச செயலகத்திலும் இருக்கும். செயலகமும் இடம்பெயர்ந்து, பதிவேடும் அழிந்துபோன இடங்களில் அந்த மனிதர் தன் காணியில் நின்றுகொண்டே அது தன்னுடையது என்று மெய்ப்பிக்க அலைந்தார்.

அதே 2009ஆம் ஆண்டின் ஒக்ரோபர் மாதத்தில், உலகின் வேறொரு மூலையில், அமேசன் நிறுவனம் ஆர்.டி.எஸ் என்ற சேவையை அறிமுகப்படுத்தியது. தரவுத்தளத்தை நீங்கள் பயன்படுத்துங்கள். அதைப் பராமரிப்பதும் ஒவ்வொரு நாளும் காப்புப்பிரதி எடுப்பதும் எங்கள் வேலை என்பது அதன் சாரம். இவ்விரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை, தோன்றுவதற்கு நியாயமுமில்லை. இன்று தோன்றுவதற்குக் காரணம் பூவரசங்குளத்திலிருக்கும் என் மருமகன்.

பூவரசங்குளம், வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் மேற்கே போகும்போது வருகிற ஊர். குளமும் வயலும் கொண்ட ஊர்களுள் ஒன்று. அங்கே வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, இரண்டு திரைகள், மின்சாரம் நின்றால் கைகொடுக்க ஒரு பற்றரி. மருமகன் பகலில் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறான். இரவில் எங்களுக்காக ஒரு தரவுத்தளத்தைப் பராமரிக்கிறான்.

எங்களுக்கு என்றால், பத்திரிகைத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற நாலைந்து பேருக்கு. நாங்கள் சேர்ப்பது மரண அறிவித்தல்களை. ஈழத்துப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முதற்பக்கத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள்தானே நாம். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் மகன், இன்னாரின் மைத்துனன், தகனம் எங்கே என்று எட்டு வரிக்குள் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கிவிடும். சட்டப்படி அது மரணச் சான்றிதழ் ஆகாது. ஆனால் பதிவேடுகள் தொலைந்துபோன ஒரு சமூகத்தில், எந்த ஆண்டு, எந்த மாதம் என்று தேடத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல நூலிழை கிடையாது. காணிப் பங்கீடு, முதுசம், வெளிநாட்டு விண்ணப்பம் என்று ஏதோ ஒரு தேவைக்காக வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது கேட்டு எழுதுகிறார்கள். வெறுமனே அப்பப்பாவின் பெயரை அச்சில் பார்க்க விரும்பி எழுதுகிறவர்களும் உண்டு.

நான் சேர்த்து வைத்திருந்த நறுக்குகள் 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் இடப்பெயர்வோடு போயின. அதற்கு முன்னர் 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிந்தது. எரிந்த ஏடுகளுட் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை. அந்தத் தலைமுறைப் பத்திரிகையாளன் எவனுக்கும் ‘ஒரே பிரதி’ என்ற சொல் காதில் விழுந்தால் வயிற்றில் ஏதோ செய்யும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சியின் பின்னால் இருந்த உந்துதலும் இதுவே எனலாம்.

ஆகவே முகிலில் வைப்போம் என்று மருமகன் சொன்னபோது நான் கேட்ட முதற் கேள்வி, அங்கே எத்தனை பிரதி என்பதுதான். அவன் சொன்ன விடையை எனக்கு விளங்கிய மொழியில் இங்கே தருகிறேன். கணினி வல்லுநர்கள் பொறுத்தருள்க.

பழைய கடை முதலாளியிடம் இரண்டு கொப்பிகள் இருக்கும். ஒன்று நாட்குறிப்பேடு. காலை தொடக்கம் நடந்தவற்றை நடந்த ஒழுங்கில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு போவது. மற்றது பேரேடு. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற இன்றைய நிலையைக் காட்டுவது. தரவுத்தளமும் அப்படியே. நாம் திரையில் காண்பது பேரேடு. அதன் பின்னால், பேரேட்டில் கைவைக்கும் முன்பே ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றம் முதலில் குறிப்பேட்டில் உறுதியாகப் பதிந்த பிறகே ‘சேமித்தாயிற்று’ என்று தரவுத்தளம் பதில் சொல்லும். பாதியில் மின்சாரம் நின்றாலும் அதைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்யலாம் என்பதே இதன் முதல் நோக்கம்.

தானியங்கிக் காப்பு இவ்விரண்டையும் தனித்தனியே கவனிக்கிறது. நாளுக்கு ஒரு முறை, ஆள்நடமாட்டம் குறைந்த நேரத்தில், பேரேடு இருக்கும் வட்டு முழுவதையும் ஒரு படம் பிடிக்கிறது. முதற்படம் முழுமையானது. அடுத்தடுத்த நாட்களில் மாறிய பகுதிகள் மாத்திரம் எடுக்கப்படும். மாறாதவற்றுக்கு முந்தைய படமே போதும். இதனால் இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். குறிப்பேட்டின் பக்கங்களோ கிழித்துக் கிழித்து வேறொரு களஞ்சியத்துக்கு அனுப்பப்படுகின்றன. அமேசனின் சேவையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. மைக்ரோசொஃப்ற்றின் அசூர் சற்று வேறுவிதம்: வாரத்துக்கு ஒரு முழுப்பிரதி, 12 அல்லது 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மாறியவை, ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பேடு.

மீட்கும்போது என்ன நடக்கிறது? நீங்கள் கேட்கும் கணத்துக்கு முந்தைய படத்தை எடுத்து ஒரு புதிய தரவுத்தளத்தை உருவாக்குகிறார்கள். பிறகு குறிப்பேட்டை அந்தப் படத்தின் நேரத்திலிருந்து ஒவ்வொரு வரியாக மறுபடி நடத்திக்கொண்டு வந்து, நீங்கள் சொன்ன நொடியில் நிறுத்துகிறார்கள். பழையதன்மேல் எழுதுவதில்லை, பக்கத்தில் இன்னொன்று பிறக்கிறது. இந்தக் கடைசிச் செய்தி சிறியதாகத் தோன்றும். அதுவே எங்களைக் காப்பாற்றியது.

ஒருநாள் பிற்பகல். எங்களுக்கு உதவும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஓர் அம்மாவின் இறந்த திகதியைத் திருத்த முற்பட்டார். திகதியை மாற்று என்ற கட்டளையை எழுதியவர், எந்தப் பதிவில் என்ற பகுதியை எழுதாமல் விசையை அழுத்திவிட்டார். ஒரு நொடிக்குள் பதினோராயிரம் பேரும் ஒரே நாளில் இறந்தவர்கள் ஆனார்கள்.

வன்னியில் இருந்து அந்தத் திரையைப் பார்ப்பது எப்படியிருந்திருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்க. அந்தப் பிள்ளை அழுதுவிட்டது என்று பின்னர் அறிந்தேன்.

நான் தொலைபேசியில் கேட்டேன், “இரண்டாவது பிரதி ஒன்று எப்போதும் கூடவே ஓடுகிறது என்றாயே, அதிலிருந்து எடுக்க முடியாதா?”

“அது நிழல் மாதிரி மாமா. இங்க பிழை விட்டா அங்கயும் அந்த நொடியே பிழைதான். மெசின் பழுதானாத்தான் அது உதவும். மனுசர் விட்ட பிழைக்கு உதவாது” என்றான்.

இதைப் பலர் அறியாதிருக்கிறார்கள் என்பதால் சற்று அழுத்திச் சொல்கிறேன். உடனுக்குடன் பிரதியாகும் இரட்டைத் தரவுத்தளமும் காப்புப்பிரதியும் ஒன்றல்ல. முன்னது ஒரு நிலையம் இருண்டால் மற்றது விளக்கேற்றுவதற்கு. அதற்கு நேற்று என்பது தெரியாது. பின்னதற்கு நேற்று மட்டுமே தெரியும்.

மருமகன் தவறு நடந்த நிமிடத்தைக் குறிப்பேட்டில் தேடிப் பிடித்தான். பிற்பகல் 3.42. அதற்கு ஒரு நிமிடம் முன் நிறுத்துமாறு மீட்புக்குக் கட்டளையிட்டான். புதிய தரவுத்தளம் எழுந்துவர முக்கால் மணி நேரம் சென்றது. இதற்கிடையில் செய்தி அறியாத கனடா நண்பர்கள் பழையதில் புதிய அறிவித்தல்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வைத்தால் அவர்களின் உழைப்புப் போய்விடும். ஆகவே மீட்டெடுத்ததிலிருந்து திகதிகள் இருந்த நிரலை மாத்திரம் எடுத்துப் பழையதில் பொருத்தினான். இரவு ஏழு மணிக்கு ஒவ்வொருவரும் அவரவர் நாளுக்குத் திரும்பினார்கள்.

இத்தோடு கட்டுரை முடிந்திருந்தால் இது ஒரு நிறுவனத்தின் விளம்பரமாகிவிடும். முடியவில்லை.

தானியங்கிக் காப்புக்கு ஒரு கெடு உண்டு. வழக்கமாக ஏழு நாட்கள். பணம் கட்டி நீட்டினாலும் மேற்சொன்ன இரு சேவைகளிலும் 35 நாட்களே அதன் எல்லை. முப்பத்தாறாம் நாள், முதல் நாளின் படம் தானாகவே அழிந்துவிடும். உடனே கண்ணில் படும் தவறுக்கு இது போதும். மெல்லக் கொல்லும் தவறுக்குப் போதாது. எங்களுக்கு வந்தது அவ்வகை. பழைய அறிவித்தல்களில் ஒரு பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய செயலி, ‘ஸ்ரீ’ வந்த இடங்களிலெல்லாம் அதை விழுங்கிவிட்டிருந்தது. பெயர் பாதியாயிருந்தாலும் பெயர்போலவே இருந்ததால் எவர் கண்ணிலும் படவில்லை. மார்க்கத்திலிருந்து ஒரு சகோதரி, தந்தையின் பெயரைத் தேடினால் வரவில்லையே, அவர் பெயர் அச்சில் வந்ததை நானே பார்த்தேனே என்று எழுதியபோது இரண்டரை மாதங்கள் கடந்துவிட்டன. முகிலில் இருந்த படங்கள் அனைத்தும் அந்தப் பிழையின் படங்கள். இயந்திரம் தன் கடமையைத் துளியும் வழுவாமல் செய்திருந்தது. பிழையைப் பத்திரமாக ஏழு நாட்கள், ஏழு நாட்களாகக் காத்தது.

உதவியது திருகோணமலை நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்த ஹாட் டிஸ்க். மாற்றத்துக்கு முன் எடுத்த சாதாரண எழுத்துப் பிரதி அதில் இருந்தது. மருமகன் அதை அங்கே அனுப்பிவைத்த நாளில், முகில் இருக்க இதெல்லாம் எதற்கு என்று நண்பர் சிரித்தாராம். இப்போது அதைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று கேள்வி.

தனியார் கதை கிடக்கட்டும். நாட்டின் கதைக்கு வருவோம். 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் லங்கா கவர்ன்மென்ற் கிளவுட் என்ற முகில், கப்பம் கேட்கும் நச்சுநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளானது. ஜிஓவி டொட் எல்கே முகவரியில் மின்னஞ்சல் வைத்திருந்த அரச அலுவலகங்கள், அமைச்சரவை அலுவலகம் உட்பட, பாதிப்புற்றன. ஏறத்தாழ 5,000 முகவரிகள். சில மணி நேரத்துக்குள் சேவையை மீண்டும் இயக்கினார்கள். ஆனால் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த காப்பு இல்லை. இணைப்பிலேயே இருந்த காப்பையும் நச்சுநிரல் பூட்டிவிட்டது. மின்னஞ்சல் வழங்கியாகப் பயன்பட்ட மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ற் 2023 ஏப்பிரலில் நிறுத்தியிருந்தது. பணமில்லாததால் புதுப்பித்தல் தள்ளிப்போனதாகச் சொன்னார்கள். 2021இலும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் தரவுகள் அதே முகிலிலிருந்து அழிந்துபோன விவகாரம் நீதிமன்றம்வரை சென்றிருந்தது. எச்சரிக்கை இல்லாமல் வந்த இடி என்று எவரும் சொல்லிவிட முடியாது.

நான் இங்கே நொத்தாரிசை நினைக்கிறேன். சட்டம் அவருக்கு அதிகபட்சம் ஒன்றரை மாத அவகாசம் தந்தது. மாதத்தின் முதல் நாள் எழுதிய உறுதியின் இணைப்பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் நகரின் பதிவகத்தில் இருக்க வேண்டும். 1907இன் மாட்டுவண்டிக் காலத்து விதி அது. 2023இன் அரசோ நூறு நாட்களுக்கு வெளியே ஒரு பிரதி இல்லாமல் இருந்தது. எவ்வளவு இழந்தால் தாங்கலாம் என்ற கேள்விக்குக் கணினித் துறையினர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவாயினும், அந்தக் கேள்வியை யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டு, விடையை நாட்கணக்கில் எழுதிவைக்க வேண்டும். இயந்திரம் அதைக் கேட்காது.

செல்வந்தர்களுக்கும் இது நேர்கிறது என்பதை ஆறுதலாகவன்றிச் செய்தியாகவே சொல்கிறேன். 2024 மே மாதத்தில், அவுஸ்திரேலியாவின் யூனிசுப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனியார் முகில் ஒன்றைக் கூகிள் தவறுதலாக அழித்துவிட்டது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் ஒரு வாரம் தவித்தார்கள். ஆரம்பத்தில் அமைக்கும்போது ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டதால், ஓராண்டு முடிந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி அது அமைந்துவிட்டதாம். நிதியம் தன் பிரதிகளை இரண்டு இடங்களில் வைத்திருந்தது. இரண்டும் ஒரே முகிலின் கீழ் என்பதால் இரண்டும் போயின. வேறொரு சேவையாளரிடம் வைத்திருந்த காப்பு கைகொடுத்தது. அதே விதமாகத்தான் எங்கள் அளவிலும்: சில சேவைகளில் தரவுத்தளத்தை அழித்தால், வைத்திரு என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அதன் தானியங்கிக் காப்புகளும் கூடவே அழியும். கணக்கை மூடினாலும் அப்படியே. திறப்பு ஒன்றே என்றால் பூட்டு எத்தனை இருந்தென்ன?

தென்கொரியாவில் 2025 செப்டெம்பர் 26 அன்று டேஜொன் நகரின் அரசத் தரவு நிலையத்தில் தீப்பிடித்து, அரச ஊழியர்களின் 858 டெராபைற் கோப்புகள் சாம்பலாயின. மிகப் பெரிது என்பதால் அதற்குக் காப்பு எடுக்கவில்லையாம். உலகின் முன்னணி மின்னரசு அது.

ஆனால் இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த, பத்திரிகைக்காரன் என்ற முறையில் பிடித்த, கதை கிற்லாப் நிறுவனத்துடையது. 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன பொறியியலாளர் ஒருவர் தவறான இயந்திரத்தில் அழித்தற் கட்டளையை இட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைற்றில் நாலரையே மிஞ்சியது. காப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. நாள்தோறும் பிரதி எடுக்க வேண்டிய செயலி பதிப்பு ஒவ்வாமையால் நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதை அறிவித்த மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த படம் மாத்திரம் இருந்தது. அவர்கள் இதை ஒளிக்கவில்லை. மீட்புப் பணியை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பி, எது எப்படிப் பிழைத்தது என்று வரிவரியாக எழுதி வெளியிட்டார்கள். எங்கள் அரச அலுவலகம் எதுவும் அப்படி எழுதியதை நான் வாசித்ததில்லை.

அதை வாசித்த பிறகு மருமகனிடம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். முகிலின் காப்பு 35 நாட்களுக்கு. அதைவிட, வாரம் ஒருமுறை வேறு நாட்டிலுள்ள வேறு நிறுவனத்தின் களஞ்சியத்தில், வேறு கணக்கில், வேறொருவரின் கடவுச்சொல்லோடு ஒரு பிரதி. அங்கே எழுதலாம், குறித்த காலம்வரை எவராலும் அழிக்க முடியாது, மருமகனாலும் முடியாது. மாதம் ஒருமுறை எந்தச் செயலியிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாகத் திருகோணமலைக்கு. அந்த ஹாட் டிஸ்க் இணையத்தோடு இணைந்திருப்பதில்லை. இவை அனைத்துக்குமாக எங்களுக்கு மாதம் ஆகும் செலவு, பத்திரிகையில் ஒரு சிறிய மரண அறிவித்தல் போடுவதைவிடக் குறைவு.

மாதத்தின் கடைசி ஞாயிறன்று மருமகன் அந்தப் பிரதிகளில் ஏதாவது ஒன்றை எடுத்து வெறும் இயந்திரத்தில் மீட்டுப் பார்க்கிறான். மீண்டதா என்று சொல்ல வேண்டியது நான். பழைய நறுக்குகளில் கைபோன போக்கில் மூன்றை எடுத்துப் பெயரைச் சொல்வேன். அவன் தேடித் திகதியை வாசிப்பான். நான் தாளில் உள்ளதோடு ஒப்பிடுவேன். போன மாதம் மூன்றில் ஒன்று அகப்படவில்லை. அரை மணி நேரம் தேடினோம்.

“மாமா, பேரைத் திரும்ப ஒருக்கா சொல்லுங்கோ.”

சொன்னேன். தாளில் அச்சுக்கோத்தவர் ‘ழ’வுக்குப் பதில் ‘ள’ போட்டிருந்தார், தட்டச்சுச் செய்தவர் அதைத் திருத்திவிட்டார். இரண்டு எழுத்திலும் தேடினால் அகப்படுமாறு ஒரு நிரலை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறான். அந்த மாற்றம் தொடங்கும் முன் ஒரு பிரதி எடுத்து, பேருந்து நடத்துநரிடம் கொடுத்துத் திருகோணமலைக்கு அனுப்பியாயிற்று.